புல்வெளித் தீ அபாயம்: ‘காய்வு விழுக்காடு’ என்றால் என்ன?

ஒரு வெளியில் நிற்கும் புல்லில் எவ்வளவு பங்கு காய்ந்துவிட்டது என்பதைக் குறிக்கும் எண்ணே காய்வு விழுக்காடு. முழுப் பச்சை 0, முழுச் சருகு 100. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தன்னார்வலர்கள் வயலோரம் நின்று கண்ணால் கணித்துச் சொல்வதையும் செயற்கைக்கோள் படங்களையும் சேர்த்து இதை மதிப்பிடுகிறார்கள்.

பச்சைப் புல்லைத் தீ தொட்டால், அதன் வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளிருக்கும் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுவதால், அடுத்த புல்லைப் பற்றவைக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை. அடுப்பில் பச்சை மட்டையைச் செருகினால் புகைந்து கண்ணைக் கரிக்கும். காய்ந்த ஓலையோ குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காய்வு மட்டும் முடிவு செய்வதில்லை. வெப்பம், ஈரப்பதம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2015 நவம்பர் 25 அன்று பினரி பகுதியில் பற்றிய தீ, பலத்த காற்றில், அறுவடைக் காலத்து வயல்கள் உட்பட 80,000 ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. அம்மாநில உழவர்கள் கைக்கருவியால் வயலிலேயே காற்றை அளந்து, அபாய அளவு வரம்பைத் தாண்டினால் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சூடான இயந்திரத்தில் படியும் பதரும் தூசியுமே தீப்பொறியாகிவிடக்கூடும்.

நல்ல மழை பெய்த ஆண்டில் அபாயம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மழையில் அடர்ந்து வளர்ந்த புல்தான் கோடையில் காய்ந்து கூடுதல் எரிபொருளாகிறது.