சின்ன ஹால், 25 பேர், 8,000 ரூபாய்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் 10 வயது முடிகிறது. ரீல்ஸில் பார்க்கிற மாதிரி பர்த்டே பார்ட்டி வேண்டும் என்கிறாள். எங்கள் ஹாலில் நெருக்கி உட்கார்ந்தால் 15 பேர். வரப்போகிறவர்கள் 25 பேர். கையில் 8,000 ரூபாய்தான் இருக்கிறது. டெக்கரேஷனுக்கு மட்டுமே 5,500 கேட்கிறார்கள். பேசாமல் கேக் மட்டும் வெட்டி முடித்துவிடலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. பிள்ளை ஆசைப்பட்டபடியே செய்யலாம், இந்தப் பணம் போதும். டெக்கரேஷன்காரர் கொண்டுவரும் வட்ட ஸ்டாண்டு, திரைத்துணி, எரியும் எழுத்துப் பலகை எல்லாம் வாடகைச் சாமான். ராத்திரியே கழற்றி எடுத்துப் போய்விடுவார். வீட்டில் மிஞ்சுவது காற்றுப் போன பலூன்தான். அதில் பாதிக்கும் குறைவான பணத்தில், வீட்டிலேயே தங்குகிற துணியும் விளக்கும் வாங்கிவிடலாம்.

முதலில் ஒரே ஒரு சுவரை முடிவு செய்யுங்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவராக இருக்கட்டும். ஃபோட்டோவில் விழப்போவதும் அதுதான். நாலு சுவரிலும் தோரணம் ஒட்டினால் சின்ன ஹால் இன்னும் சின்னதாகிவிடும்.

அந்தச் சுவருக்குத் தைக்காத கட்டம் போட்ட லுங்கி மூன்று வாங்குங்கள். நான் யோசித்துத்தான் சொல்கிறேன். ஒரு லுங்கி 2 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலம். நெடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் மூன்றே மூன்றில் சுவர் நிறைந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து நம் கடற்கரையில் கப்பலேறிய துணி இது. இன்றைக்கும் வெளிநாட்டுச் சட்டைக் கடைகளில் 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே விற்கிறது. பளபளக்கும் சாட்டின் துணியைவிட ஃபோட்டோவில் நன்றாக விழும். விசேஷம் முடிந்ததும் வீட்டில் யாராவது கட்டிக்கொள்ளலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, ஒரே நிறக் குடும்பத்தில் மூன்று கட்டங்கள் பாருங்கள்: நீலம், பச்சை, வெள்ளை, அல்லது சிவப்பு, மஞ்சள், வெள்ளை. பலூனையும் அதில் இரண்டே நிறத்தில் வாங்குங்கள். பணக்கார வீட்டு அலங்காரம் கண்ணுக்கு நிறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம், நிறங்களை அவர்கள் அடக்கி வைப்பதுதான். அதற்குக் காசே வேண்டாம்.

சீரியல் லைட் வாங்கும்போது மஞ்சள் ஒளி தருவதைக் கேளுங்கள். மினுக்கும் பல வண்ண விளக்கில் முகங்கள் ஃபோட்டோவில் கெட்டுவிடும். கடையிலேயே செருகி முழு நீளமும் எரிகிறதா என்று பாருங்கள். பிளக் கிட்டே ஒயர் வெளியே தெரிந்தால் வேறு கேளுங்கள். கேக் வெட்டும் நேரத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். அது எரிந்தால் சீரியல் லைட் இருப்பதே தெரியாது.

பலூனுக்கும் ஃபேன்சி சாமானுக்கும் பாரிமுனைப் பக்கம் காசி செட்டி தெரு, நாராயண முதலி தெரு. மகளின் பெயரை எழுத்து எழுத்தாக வெட்ட நல்ல தடிமன் காகிதம் வேண்டுமானால் ஆண்டர்சன் தெரு. உங்கள் ஊரிலிருந்து மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி நடக்கிற தூரம். பாரிமுனை மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு அடைப்பு, வார நாள் காலையில் போங்கள். சில கடைகளில் டஜனுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிப் போய்ப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பலூனை முதல் நாள் ராத்திரி கைப்பம்பில் ஊதி, வெயில் படாத அறையில் வையுங்கள். சூட்டில் ரப்பர் மங்கி வெடித்துவிடும்.

இனி இடம். 25 பேரையும் ஒரே நேரத்துக்குக் கூப்பிடாதீர்கள். பிள்ளைகள் 4 மணிக்கு, பெரியவர்கள் ஆறரைக்கு. கட்டிலை நிமிர்த்தி வைத்துப் பாய் விரித்தால் ஹால் பெரிதாகிவிடும், சேர் வாடகையும் மிச்சம். பிள்ளைகளுக்கு கேரம் போட்டி வையுங்கள். வடசென்னையில் கேரம் போர்டு இரவல் கிடைக்காத தெரு உண்டா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆட்டமே சூடு பிடித்துவிடும்.

சாப்பாட்டுக்கு என் ஆசை ஒன்று உண்டு: அத்தோ கவுண்டர். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு, இன்று வடசென்னையின் அடையாளம். நூடுல்ஸை முன்கூட்டியே வேகவைத்து எண்ணெய் தடவி வையுங்கள். மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் அவித்த முட்டையும். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்தபடி கலந்துகொள்ளட்டும். சாப்பாடே விளையாட்டாகிவிடும், அடுப்படியில் நீங்கள் தனியாக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

கணக்கு இது, இதற்கு மேல் போகாதீர்கள்: லுங்கி 900, விளக்கு 500, பலூனும் பம்பும் 400, பூ 200. சாப்பாடு 3,500. கேக் 1,000. பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 ரூபாயில் ஸ்கெட்ச் பேனாவோ நோட்டோ ரிட்டர்ன் கிஃப்ட், 500. மீதி 1,000 கையில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் ஐந்து பேர் கூட வருவார்கள்.

கேள்வி: 1 கிலோ கேக் ஆர்டர் செய்தேன். வீட்டில் எடை போட்டால் அடி அட்டையோடு சேர்த்துத்தான் 1 கிலோ வருகிறது. கேட்டால் "எல்லாக் கடையிலும் அப்படித்தான்" என்கிறார்கள்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: எல்லாக் கடையிலும் அப்படி இருந்தாலும் தப்பு தப்புதான். கிலோ கணக்கில் விற்கும் பண்டத்தின் எடையில் அட்டையும் பெட்டியும் சேரக்கூடாது. ஸ்வீட் பெட்டிக்கும் இதே விதி. அடுத்த முறை, கேக் வைப்பதற்கு முன் வெறும் அட்டையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் கேள்வி கேட்ட வாசகியும் 25 பேருக்கு 1 கிலோ போதுமா என்று கவலைப்பட வேண்டாம். ஆளுக்கு 40 கிராம் வரும், சாப்பாட்டுக்கு முன் அது நிறைவான துண்டு.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு "3 கிலோ பிரியாணி" என்று பேசி அட்வான்ஸ் கொடுத்தோம். வந்தது 12 பேருக்குக்கூடப் போதவில்லை. ஏமாந்துவிட்டோமா?
— ஒரு வாசகி, புளியந்தோப்பு

பதில்: பேச்சு சரியாக நடக்கவில்லை என்று நினைக்கிறேன். பிரியாணி மாஸ்டரிடம் கிலோ என்றால் வேகாத அரிசியின் எடை. 1 கிலோ அரிசி வெந்தபின் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும், 8 முதல் 10 பேர் சாப்பிடலாம். சில கடைகளில் கிலோ என்றால் வெந்த பிரியாணியின் எடை. உங்களுக்கு வந்தது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ, கறி எலும்போடா இல்லையா, தால்ச்சாவும் பச்சடியும் பிரெட் அல்வாவும் விலையில் சேர்ந்ததா, அண்டா எப்போது திருப்பித் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு யாருக்கும் மனக்கசப்பு இல்லை. 25 பேருக்கு 3 கிலோ அரிசி தாராளம்.

கேள்வி: குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு கேஸ் பலூனும் ஸ்னோ ஸ்ப்ரேயும் வாங்கலாம் என்று இருக்கிறோம். நல்லதாக எப்படித் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: ஸ்னோ ஸ்ப்ரேயை வாங்கவே வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பல டப்பாக்களில் நுரையைத் தள்ளும் வாயு, சமையல் கேஸ் வகையைச் சேர்ந்தது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது அடித்தால் குப்பென்று பற்றிவிடும். கேக்குக்கு முன்னால் குனிந்து நிற்பது உங்கள் குழந்தை. டப்பாவிலேயே தீ அடையாளம் போட்டிருக்கும், பாருங்கள்.

கேஸ் பலூனில் ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். மலிவாகக் கிடைப்பதில் ஹைட்ரஜன் இருக்கலாம், அது நெருப்புப் பட்டால் வெடித்து எரியும். வெளியிலிருந்து பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. சின்ன வீட்டில், அடுப்பும் மெழுகுவத்தியும் பக்கத்தில் இருக்கும்போது, வாயால் ஊதிய பலூனை நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மிதக்கிற தோற்றமே கிடைக்கும்.

கேள்வி: பலூன் ஸ்டிக், தெர்மாகோல் எழுத்து, பிளாஸ்டிக் தட்டு கேட்டால் கடையில் ரகசியமாக எடுத்துத் தருகிறார்கள். ஏன்?
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: விற்கக்கூடாத பொருள்கள் அவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள், அல்லது வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டு எடுங்கள். எண்ணி வாங்கி எண்ணித் திருப்புங்கள்.

கேள்வி: டெக்கரேஷனுக்கு ஃபோனில் பேசி 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். அன்று ஆளே வரவில்லை. இப்போது ஃபோன் எடுப்பதில்லை.
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, பேசிய மெசேஜ், அவர்கள் அனுப்பிய விலைப் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடை உண்மையில் இருக்கிறது, வரத்தான் தவறினார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வடசென்னைக்குத் தனி ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கடையே பொய் என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

கேள்வி: ஜூன் முதல் வாரம் மொட்டை மாடியில் சின்ன விருந்து. காசிமேட்டில் மொத்தமாக மீன் வாங்கினால் மலிவாக முடியுமா?
— ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: அந்த வாரம் மலிவாகாது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வஞ்சிரம் கிடைத்தால் அது பெரும்பாலும் வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்து வரும் நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன்களைப் பாருங்கள். நெத்திலியைப் பொரித்துக் காகிதப் பொட்டலத்தில் கையில் கொடுத்தால் மாடி விருந்துக்கு வஞ்சிரத்தைவிடப் பொருத்தம். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுத்தம் செய்யும் கூலியை முதலிலேயே பேசி, கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து மூடி போட்ட டப்பா கொண்டு போனால் ஐஸையும் அங்கேயே போட்டு எடுத்துவரலாம். பாட்டு வைப்பதாக இருந்தால் ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள், சட்டம் அதுவரைதான் அனுமதிக்கிறது.