ஆர்க்கிட் இலை தொங்கிப்போச்சு, டானிக் வாங்கலாமா?

கேள்வி: நாலு மாசம் முன்னாடி ஒரு ஆர்க்கிட் வாங்கினேன், அகலமான இலை, பட்டாம்பூச்சி மாதிரி பூ வருமே அது. பூ ரெண்டு மாசத்துக்கு மேல நல்லா நின்னுச்சு. இப்ப இலை எல்லாம் துவண்டு தொட்டி விளிம்புல சாஞ்சு கிடக்கு, தொட்டா ரப்பர் மாதிரி, சுருக்கம் வேற. தண்ணி பத்தலையோன்னு வாரம் ரெண்டு தடவை ஊத்தினதை மூணாக்கினேன், இன்னும் மோசமாச்சு. கடையில டானிக், இலை ஸ்ப்ரே, உரம் மூணும் சேர்ந்த செட் ஒண்ணு வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்க சொல்றது ஃபெலனாப்சிஸ் வகை. இலை துவளுதுன்னா இலைக்குத் தண்ணி போய்ச் சேரலைன்னு அர்த்தம், ஆனா ஏன் சேரலைன்னு இலையைப் பாத்து சொல்லவே முடியாது. தண்ணி ஊத்தாம காய விட்டாலும் இப்படித்தான் துவளும், ஊத்தி ஊத்தி வேர் அழுகிப்போய் உறிஞ்ச ஆளில்லாம போனாலும் அச்சு அசலா இப்படித்தான் துவளும். வாரம் மூணு தடவை ஊத்தியும் மோசமாகுதுன்னா எனக்கு ரெண்டாவதுதான் சந்தேகம்.

செடியை மெதுவா தொட்டியில இருந்து வெளிய எடுங்க. நல்ல வேர் கெட்டியா இருக்கும், காஞ்சிருந்தா வெள்ளி மாதிரி சாம்பல் கலர், நனைச்சா பச்சையாகும். சந்தேகமான வேரை ரெண்டு விரலால பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க, அழுகினதுன்னா மேல் தோல் உறை மாதிரி கழண்டு கையோட வந்துடும், உள்ள நூல் மாதிரி ஒண்ணு மட்டும் தொங்கிட்டு நிக்கும். நான் முதல் தடவை இதைச் செஞ்சப்போ பத்து பன்னெண்டு வேர்ல மூணுதான் மிச்சம், அதுவரைக்கும் வெளியில பாத்தா வேர் அடைச்சுக்கிட்டு இருக்குன்னு பெருமையா வேற நினைச்சுட்டு இருந்தேன்.

அப்படியே நடுவுலயும் பாருங்க. நிறைய செடியில வேர்களுக்கு நடுவுல ஸ்பாக்னம் மாஸை (தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிற பாசி), சிலதுல ஸ்பாஞ்சை, ஒரு உருண்டையா அமுக்கி வச்சிருப்பாங்க. மேல மரப்பட்டைத் துண்டெல்லாம் காஞ்சு கிடக்கும், உள்ள அந்த உருண்டை நாள்கணக்கா சொதசொதன்னு இருக்கும், மேல தொட்டுப் பாத்துட்டு காஞ்சுபோச்சேன்னு நாம திரும்ப ஊத்துவோம். இதோட ஓட்டையே இல்லாத அழகுத் தொட்டிக்குள்ள வச்சு வித்திருந்தாங்கன்னா அடியில தேங்கின தண்ணியிலதான் வேர் நின்னுட்டு இருந்திருக்கும். இது காட்டுல மரத்துமேல ஒட்டிக்கிட்டு வளர்ற செடிங்க, வேருக்குத் தண்ணி எவ்வளவு முக்கியமோ காத்தும் அவ்வளவு முக்கியம்.

சரி, என்ன பண்றது. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால துடைச்சுட்டு அழுகினதை எல்லாம் வெட்டிடுங்க, பாவம் பாக்காதீங்க. வெட்டின இடத்துல லவங்கப்பட்டைத் தூள் தூவச் சொல்வாங்க, அது நல்ல வேர்மேல பட்டா அதையும் காய வச்சுடும், நான் போடறதில்ல. பூந்தண்டு இன்னும் இருந்தா அதையும் வெட்டுங்க, இருக்கிற கொஞ்ச தெம்பும் அதுக்குப் போக வேண்டாம். அப்புறம் ஆர்க்கிட்டுக்குன்னே விக்கிற மரப்பட்டைத் துண்டு சின்ன பாக்கெட், அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை உள்ள கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தொட்டி, காசு செலவு பண்றதுன்னா இந்த ரெண்டுக்கு பண்ணுங்க. பெரிய தொட்டி எடுக்காதீங்க, மிச்சமிருக்கிற வேர் அடங்கற அளவு போதும். உள்ள வேர் சாம்பல் கலருக்கு வந்ததும் தொட்டியோட பத்து பதினஞ்சு நிமிஷம் தண்ணியில வச்சு எடுத்து முழுசா வடிய விடுங்க. வாரம் இத்தனை தடவைன்னு கணக்கே வேண்டாம். நேர் வெயில் படாத வெளிச்சத்துல வைங்க.

வேரைப் பாத்தா அழுகலே இல்ல, எல்லாம் சாம்பலா சுருங்கி இருக்கு, பட்டையும் காஞ்சு கிடக்குன்னா என் சந்தேகம் தப்பு, தாகம்தான். ஒரு தடவை நல்லா ஊற வச்சு எடுங்க, கொஞ்ச நாள்ல இலை நிமிர ஆரம்பிக்கும். அழுகலா இருந்தா அவ்வளவு சீக்கிரம் நடக்காது, புது வேர் வந்து சேர மாசக்கணக்காகும், சுருங்கின பழைய இலை பழையபடி ஆகாமலே போகலாம். புதுசா வர்ற இலை விறைப்பா இருக்கான்னு மட்டும் பாருங்க.

இப்ப அந்த செட். வேர் கொஞ்சமே மிச்சமிருக்கிற செடிக்கு உரம் போட்டா அந்த உப்பு இருக்கிற வேரையும் கருக்கிடும், புது வேர் வந்தப்புறம் பாக்கெட்ல போட்டிருக்கிறதுல கால்வாசி அளவுல ஆரம்பிச்சா போதும். ஸ்ப்ரே அடிச்சா தண்ணி இலைகளுக்கு நடுவுல குருத்துல தேங்கும், குருத்து அழுகிட்டா செடி பிழைக்கிறது ரொம்ப கஷ்டம். டானிக்ல என்ன இருக்குன்னு லேபிள்ல தெளிவா போடலைன்னா அதை நான் கையில கூட எடுக்க மாட்டேன்.

கேள்வி: அடுத்த தடவை வாங்கும்போது என்ன பாக்கணும்?

பதில்: பூவைப் பாத்து மயங்காம வெளித்தொட்டியில இருந்து தூக்கி உள்ள வேரைப் பாருங்க, பாக்க விட மாட்டோம்னா வேற கடை. செடியை லேசா ஆட்டினா லொடலொடன்னு ஆடக்கூடாது. இலை இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, வீட்ல மத்த செடிக்கும் பரவும். பளீர்னு நீலமா இருக்கிற ஃபெலனாப்சிஸுக்குக் கூடுதல் காசு கேட்டா கொடுக்காதீங்க, அது வெள்ளைப் பூச்செடிக்குச் சாயம் ஏத்தினது, அடுத்த தடவை வெள்ளையாத்தான் பூக்கும்.

கேள்வி: எங்க வீட்ல அடி இலை ஒண்ணே ஒண்ணு மஞ்சளாகித் தொங்குது, மத்ததெல்லாம் விறைப்பா இருக்கு.

பதில்: வயசான இலை. தானா காஞ்சு விழட்டும், பிச்சு எடுக்காதீங்க.