ஹாம்ஸ்டருக்குக் குளியல் வேண்டாம். குடிநீர் தவறவே கூடாது

கேள்வி: நாமக்கல் அருகே காடையும் முயலும் வளர்க்கிறேன். மகளுக்காக, எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான குள்ள ஹாம்ஸ்டர் ஒன்று வாங்கினோம். வெயிலில் சோர்ந்து படுக்கிறதே என்று அவள் அதை வாளித் தண்ணீரில் நீந்தவிடுகிறாள். வயிற்றில் மஞ்சள் அழுக்கு இருக்கிறது, சோப்புப் போடலாமா என்றும் கேட்கிறாள். போன வாரம் அது காடைகளின் தண்ணீர்த் தட்டில் விழுந்து விறைத்துப்போய், பிறகு எப்படியோ பிழைத்துக்கொண்டது. முயல் தண்ணீர் குடிக்கப் போட்டிருக்கும் நிப்பிளையே இதற்கும் வைக்கலாமா?

பதில்: வாளிக் குளியலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஹாம்ஸ்டர் தண்ணீரில் காலை உதைப்பது விளையாட்டுக்காக அல்ல, உயிருக்குப் பயந்து கரை தேடுகிறது. சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா, வட சீனம் ஆகிய பகுதிகளின் வறண்ட புல்வெளியிலும் மணல்வெளியிலும் வளை தோண்டி வாழ்ந்த இனம் இது. உடம்பு முழுக்க நனையும் பழக்கமே அதற்குக் கிடையாது.

வளர்ந்த குள்ள ஹாம்ஸ்டரின் எடை 30 முதல் 50 கிராம்தான். ரோபோரோவ்ஸ்கி வகை என்றால் 20 முதல் 25 கிராம். இவ்வளவு சிறிய உடலில் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்த அடர்ந்த மென்மயிர்தான். மயிர் நனைந்து ஒட்டிக்கொண்டால், நமக்கு வியர்க்கும் வெயிலிலும் அதன் உடல் சூடு மளமளவென்று இறங்கிவிடும். மூக்கில் ஏறிய நீர் நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் வரும். காடைக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைப்பீர்களே, அதே கவனம் இந்த ஹாம்ஸ்டருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். கூண்டையும் காடைக் கொட்டகையில் வைக்காதீர்கள். தண்ணீர்த் தட்டு மட்டுமல்ல, எலியும் பாம்பும் வரும் இடம் அது.

வயிற்றின் நடுவில், தொப்புள் பக்கம் மஞ்சளாகப் பிசுபிசுப்பது பெரும்பாலும் அழுக்கு அல்ல. அங்கே ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. ஆணுக்கு நன்றாகவே தெரியும். வயிற்றைத் தரையில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்க உதவுவது அந்தச் சுரப்புதான். சோப்பும் ஷாம்பும் போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். நக்கிச் சுத்தம் செய்யும்போது நுரை வயிற்றுக்குள்ளும் போகும். அந்த இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அது சுத்தமாக இருக்க மணல் போதும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, தூசி போகச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். ஓர் அகலக் கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்குக் கொட்டி வைத்தால், இரவில் தானே இறங்கிப் புரண்டு மயிரை உலர்த்திக்கொள்ளும். எம்-சாண்ட் வேண்டாம், அதன் விளிம்பு கூர்மை, துகளும் அதிகம். கடையில் குளியல் பவுடர் என்று மாவு போல விற்பதும் மூச்சுக்கு ஆகாது.

இப்போது குடிநீர். முயல் நிப்பிளின் ஊசியைத் தள்ள இந்தச் சின்ன வாய்க்குப் பலம் போதாமல் போகலாம். நுனியில் சிறு குண்டு வைத்த ஹாம்ஸ்டர் பாட்டிலே சரி. தினமும் காலையில் அந்தக் குண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு நீர் விரலில் ஒட்ட வேண்டும். பாட்டில் நிறைய நீர் இருந்தும், குண்டு இறுகிக்கொண்டதால் தாகத்திலேயே இறந்துபோகும் பிராணிகள் உண்டு. குண்டு சரியாக உட்காராவிட்டாலோ ஒரே இரவில் மொத்த நீரும் படுக்கையில் இறங்கிவிடும். அதனால் அது தூங்கும் கூட்டிலிருந்து தள்ளி, ஓர் ஓட்டுத்துண்டுக்கு மேலே பாட்டிலைத் தொங்கவிடுங்கள். கிண்ணம்தான் வைப்பீர்கள் என்றால் கனமான பீங்கானாக, நீர் அரை விரல் ஆழத்துக்கு மேல் போகாததாக இருக்கட்டும்.

வெயிலுக்கு வேறு வழி இருக்கிறது. கூண்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, உள்ளே ஒரு தரை ஓடு போடுங்கள். அதன்மேல் வயிறு பட நீட்டிப் படுத்துக்கொள்ளும். உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது. கட்டைவிரல் நகமளவு வெள்ளரித் துண்டு கொடுக்கலாம்.

மறுபடியும் நனைந்துவிட்டால், முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பொத்தி வையுங்கள்; வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டிலைப் பக்கத்தில் வைக்கலாம். அடுப்பருகே கொண்டுபோவதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் ஆபத்து. குளிரில் விறைத்த ஹாம்ஸ்டரின் மூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும். உடம்பு சில்லென்று இருக்கிறது என்பதற்காக இறந்துவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள். சூடு ஏறும்போது முதலில் மீசை அசையும். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தட்டில் விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதால், மூச்சில் க்ளிக் க்ளிக் என்ற சத்தமோ, மூக்கில் ஈரமோ, சாப்பாட்டில் மந்தமோ தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். தெரிந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பண்ணையில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே வாங்கிவிடும்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை: பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, தினமும் எவ்வளவு குறைகிறது என்று குறித்து வரட்டும். சாதாரணமாக ஒரு தேக்கரண்டி, அதாவது 4 அல்லது 5 மில்லி குறையும். கோடையில் சற்றுக் கூடும். பாட்டில் கசியாமலே அளவு இரண்டு மூன்று மடங்காகி, படுக்கையும் சிறுநீரால் நனைந்துகொண்டே இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். குள்ள ஹாம்ஸ்டர்களில் கேம்ப்பெல் வகைக்கு அது வரக்கூடியதுதான். அப்போது தண்ணீரைக் குறைக்காமல், அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள்.