பால் சொம்பை மூடிய சிங்கம்

வணக்கம் ஐயா,

மர்ஃபி டவுனில் நாலு தலைமுறையாக இருக்கிறோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் ‘தண்டுதான்’ என்பார் அப்பா, அதாவது பெங்களூர் கன்டோன்மென்ட். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது.

என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் இறந்தவர். “பஸராவுக்குப் போனார், ஜெர்மன்காரன் சுட்டுட்டான்.” வீட்டில் வழிவழியாக வந்த கதை இவ்வளவுதான். அவர் ஞாபகமாக ஒரு வெண்கலத் தட்டு இருக்கிறது. அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. ஒரு பெண், பக்கத்தில் சிங்கம், ஓரமாக ஆங்கிலத்தில் தாத்தாவின் பெயர். கொள்ளுப்பாட்டி அதைப் பால் சொம்புக்கு மூடியாக வைத்திருந்தாராம். இப்போது அத்தை வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் புளி போட்டுத் தேய்த்து, முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறார். பாட்டிக்குக் கடைசிவரை பட்டாளத்துப் பென்ஷன் வந்தது.

அவர் எந்த ரெஜிமென்ட், எப்படிச் செத்தார், எங்கே புதைத்தார்கள்? இணையத்தில் பெயரை அடித்தால் அதே பெயரில் பலர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது? (பெயர்களை வெளியிட வேண்டாம்.)

ஆர்.,
பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

தட்டிலிருந்தே தொடங்குகிறேன். போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டு அது. குறுக்களவு 12 சென்டிமீட்டர். பேரரசு முழுவதற்கும் 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். அதில் பதவி போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளையானாலும் உங்கள் தாத்தாவானாலும் வெறும் பெயர்தான். நல்ல எண்ணம். ஆனால் நூறு வருஷம் கழித்துத் தேட உட்காருகிறவருக்கு அதுவே தலைவலி. பட்டாளத்து எண்ணும் இல்லை, ரெஜிமென்டும் இல்லை.

தட்டின் கீழ் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய சிங்கத்தின் காலடியில் சின்னதாக இன்னொரு சிங்கம் ஒரு கழுகைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கும். அந்தக் கழுகுதான் ஜெர்மனி. உங்கள் வீட்டு ‘ஜெர்மன்காரன்’ அங்கேயிருந்து பறந்து வந்தவன் என்பது என் ஊகம். தட்டு வந்த நாளில் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த யாரோ படத்தைப் பார்த்துப் பாட்டிக்கு விளக்கியிருக்கலாம். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) நம் ஆட்கள் சண்டையிட்டது துருக்கிப் படையோடு. அங்கே குண்டு மட்டுமல்ல, காலராவும் காய்ச்சலும் வெயிலும் ஏராளமான பேரைக் கொண்டுபோயின. ‘சுட்டுட்டான்’ என்பது கடைசியில் ‘பேதியில் போனார்’ என்று முடிந்தால் அத்தைக்கு வருத்தமாக இருக்கும். முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பஸராவையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1914 நவம்பரில் பிடித்த துறைமுகம் அது. மெசபடோமியாவுக்குப் போன கப்பலெல்லாம் அங்கேதான் ஆளை இறக்கியது. அதனால் மொத்தப் போருக்கும் வீடுகளில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவர் அமாராவில் இறந்திருக்கலாம், பாக்தாத் வழியில் இறந்திருக்கலாம். அமாராவில் கல்லறைகளை ஒழுங்காகத்தான் கட்டினார்கள். மண்ணிலிருந்த உப்பு நடுகற்களை அரித்ததால் 1933-ல் அவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு, பெயர்களை ஒரே சுவரில் வெட்டினார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொள்ளுப்பாட்டிக்குப் பென்ஷன் வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிதான். செத்த சிப்பாயைப் பற்றி அரசாங்கம் இரண்டு வரிக்கு மேல் எழுதாமல் இருக்கலாம். மாதாமாதம் பணம் வாங்குகிற விதவையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இவள் இன்னாருடைய மனைவிதான், உயிரோடு இருக்கிறாள் என்றெல்லாம் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் தாத்தாவின் எண், ரெஜிமென்ட் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே லண்டனுக்கு மெயில் அனுப்புவதற்கு முன் வீட்டுப் பரணில் ஏறுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டி எந்த மகள் வீட்டுக்குப் போனது என்று விசாரியுங்கள். மாதா படத்தின் சட்டத்தைப் பின்னாலிருந்து கழற்றிப் பாருங்கள், ஜெபப் புத்தகத்தின் அட்டைக்குள்ளும் பாருங்கள். படிக்கத் தெரியாத பெண்கள் காகிதத்தைப் படித்தவர்களைவிடப் பத்திரமாக வைப்பார்கள். ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ இருந்ததா என்றும் கேளுங்கள். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் பொறித்திருக்கும். வெள்ளி என்பதால் பல வீடுகளில் அது கொலுசாகிவிட்டது. அதே மெடல் உங்கள் வீட்டில் வெண்கலத்தில் இருந்தது என்றால் கதையே வேறு (சண்டையிட்டவர்களுக்கும் வெண்கலத்தில் கொடுத்த ‘விக்டரி மெடல்’ தனி). வெண்கல வார் மெடல் கூலித் தொழிலாளர் படைக்கும் கூடப் போன வேலையாட்களுக்கும் கொடுத்தது. துப்பாக்கி பிடிக்காமல் ரோடு போட்டோ மூட்டை சுமந்தோ செத்தவர் என்று ஆகும். அப்படி ஆனால் மறைக்காதீர்கள். ஜாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதையும் மறைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பட்டாளக் காகிதங்களில் அந்தக் கட்டம் தவறாமல் இருக்கும்.

அடுத்தது கோவில். தண்டில் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர்கள் என்றால் பாட்டியின் கல்யாணம் ஏதோ ஒரு பங்குக் கோவிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் பூர்வீகப் பங்கும் அதில் கிடைக்கக்கூடும். ஆனால் பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீன். உதாரணத்துக்குச் சவரிமுத்து என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சவரி என்பது சவேரியார், ஏட்டில் அவர் சேவேரியுஸ் ஆகியிருப்பார். பட்டாளத்து எழுத்தர் அதே ஆளை சௌரிமூத்தூ என்றோ சேவரிமுட்டு என்றோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உங்கள் தாத்தா பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் சாத்தியம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்துக்குக் குறையாது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பட்டாளத்தில் இருந்து இறந்தவர்களை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். தேடும்போது பெயரை மட்டும் அடிக்காதீர்கள். ‘கூடுதல் விவரம்’ என்ற கட்டத்தில் தகப்பன் பெயரை, பாட்டியின் பெயரை, ‘பெங்களூர்’ என்பதைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இன்னாருடைய மகன், இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்று பல சிப்பாய்களுக்கு அங்கே ஒரு வரி உண்டு. பஸரா நினைவுச் சுவரில் 40,500 பேருக்கு மேல் இடம் தந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டினார்கள். நம் சாதாரணச் சிப்பாய்களுக்கு, ரெஜிமென்டின் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் வெட்டினார்கள். பெயர்கள் ஏட்டில்தான். பெயராலோ சமமாகவோ நினைவுகூரப்படாதவர்கள் லட்சத்துக்கு மேல் என்று அந்த ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது.

தகப்பன் பெயரை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நானே பட்டவன். என் அம்மாவின் பெரியப்பா ஒருவர் இரண்டாம் போரில் பர்மாவில் போனவர். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கும் கிட்டத்தட்ட 27,000 பெயர்களில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வருஷம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். தூணின் படத்தை அச்சடித்து அல்சூர் வீட்டில் மாட்டி, மாலையும் போட்டாயிற்று. பிறகுதான் தகப்பன் பெயர் பொருந்தவில்லை என்று கவனித்தேன். படத்தைக் கழற்றப் போனபோது பெரியம்மா தடுத்துவிட்டாள். “யாரோ பெத்த புள்ளைதானே, இருக்கட்டும்டா.” இன்னும் அங்கேதான் இருக்கிறது. சரியான ஆள் கிடைக்கவில்லை.

இன்னொன்று. பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ‘பட்டாளம்’ என்றாலே மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைதான் என்று ஒரு நினைப்பு. அல்சூர் ஏரிக்கரையில் அவர்கள் இன்றும் இருப்பதால் வருவது அது. 1780-ல் தொடங்கிய படை, முள்கம்பி வேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’வை 1912-ல் இங்கேயே செய்தவர்கள், பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் மதராஸ் பயனியர்களும் இங்கே இருந்தார்கள். அந்தப் படையை 1933-ல் கலைத்துவிட்டார்கள், அதனால் பேச ஆளில்லை. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் இடத்தில் சிக்னலுக்காக நிற்கும்போது ஒரு தூண் தெரியுமே, அது அவர்களுடையது. நாம் ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். சாப்பர்ஸ் என்று உறுதியானால் எம்.இ.ஜி.க்கு (மதராஸ் என்ஜினியர் குரூப், சாப்பர்ஸின் இன்றைய பெயர்) எழுதலாம். அவர்களுக்கு அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் உண்டு. எண்ணோடு எழுதுங்கள். வெறும் பெயரோடு போய் நின்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

எண்ணும் இறந்த தேதியும் கம்பெனியும் (படைக்குள் அவர் இருந்த சிறு பிரிவு) கையில் வந்தபிறகு லண்டன். அங்குள்ள தேசிய ஆவணக்காப்பகம் மெசபடோமியப் படைகளின் போர்க்குறிப்பேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. தாத்தாவின் பெயர் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், அதிகாரிகளுக்குத்தான் பெயர் இருக்கும். ஆனால் அவர் இறந்த அன்று அந்தக் கம்பெனி டைக்ரிஸில் பாலம் போட்டதா, கரைக்கு மண் வெட்டியதா என்று தெரிந்துவிடும். டெல்லியில் யூ.எஸ்.ஐ. என்ற நிறுவனத்தில் படை வரலாற்றுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அவர்களையும் கேட்கலாம்.

கல்லறை கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ‘தண்டுதான்’ என்று அப்பா சொல்கிறாரே, அதற்கு முந்தைய ஊர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பட்டாளத்தில் சேரும்போது ஊரும் தாலுகாவும் கேட்டுத்தான் எழுதினார்கள்.

தட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், வெயிலைச் சாய்வாக விழ வைத்து. வரும் நவம்பரில் அத்தையைப் புளியை எடுக்க விடாதீர்கள். உலர்ந்த துணி போதும். நூறு வருஷத் தேய்ப்பில் பெயரின் முதல் எழுத்து மழுங்கியிருந்தால், உங்களுக்கு வரும் அந்தப் பலர் அதனால்கூட இருக்கலாம்.