காணும் என்கிற பிள்ளை

அன்புள்ள அண்ணா,

நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். அக்கா குடும்பம் வன்னியில், விசுவமடுவில். அவவின் மகன் நாலாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனையில், உயரத்துக்கு நிறை மிகக் கூட என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அந்தத் துண்டை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டா. "வளரேக்க தானா வத்தும், பிள்ளையில கண் வைக்காத" என்று என்னோடு சண்டை. அத்தான் சிரிக்கிறார். கனடாவில் இருந்து வரும் பெரியப்பா பெட்டி நிறையச் சொக்கிலேற் கொண்டுவருகிறார். இந்தப் படிக்காத சனத்துக்கு எப்படி விளங்கப்படுத்துவது? என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று ஒரு பட்டியலும் எழுதுங்கள்.

ஒரு ஆசிரியை, வவுனியா

அன்புள்ள தங்கச்சி,

பட்டியலை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் அக்கா வீட்டில் அவிக்கிற புட்டும் முருங்கையிலைக் கறியும் குளத்து மீனும் நல்ல சாப்பாடுதான். சோடாவை நிறுத்தச் சொல்லுங்கள். சீனி மிகக் கூட இருந்தால் போத்தலில் சிவப்பு அடையாளம் போட வேண்டும் என்று 2016 முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. கடையில் அதைப் பார்த்து வாங்கலாம். பெரியப்பாவின் பெட்டியைப் பற்றி அவரிடம் நேரே பேசுங்கள், எனக்கு எழுதிப் பயனில்லை.

"படிக்காத சனம்" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

விசுவமடுச் சனம் கடைசிப் போரில், 2009 தை மாதத்திலிருந்து வைகாசி வரை எங்கே இருந்தது, என்ன சாப்பிட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெனிக்பாம் அகதி முகாமில் எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் ஒரு இளம் தாய் இருந்தா. யாரோ கொடுத்த பால்மாப் பெட்டி ஒன்று அவவிடம் இருந்தது. சோடா மூடி ஒன்றால் அதை அளப்பா. ஒரு மூடி மா, ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். கரைத்துக் குழந்தைக்குப் பருக்கிவிட்டு, மூடியில் ஒட்டியிருந்ததைச் சுட்டுவிரலால் வழித்து அதையும் குழந்தையின் நாக்கில்தான் தடவுவா. தன் வாயில் ஒரு நாளும் வைத்ததில்லை. அந்தத் தாய்க்கு இன்றைக்குப் போய், உன் பிள்ளைக்குச் சாப்பாடு கூடிப்போச்சு என்று சொன்னால், அவவின் காதில் அது எப்படி விழும்? அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போகிற விஷயமா இது?

இன்னும் பின்னால் போனால் இன்னொரு பட்டினி இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய வீடுகளில் அம்மம்மாமாரோடு பேசிப் பாருங்கள். 1974ஐ ஒட்டிய வருடங்களில் தேயிலைத் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்ததைச் சொல்வார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு தலைமுறையின் பசி நிற்கிறது. பேரன் கன்னம் உப்பியிருப்பதைப் பார்க்கும்போது அந்த மனுசிக்கு நெஞ்சு குளிருமா, பயம் வருமா?

கிளினிக்கும் இதில் சேர்த்தி. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு நிறை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு கீழே சரிந்தால் தாய்க்கு ஏச்சு, கையில் திரிபோஷாச் சத்துமாப் பை. மேலே போனால் "நல்லாப் பாக்கிறீங்கள்". பல வருடமாக இந்தத் தாய்மார் படித்த பாடம் இதுதான், அதுவும் அரசாங்கம் படிப்பித்தது. இப்போது அதே அரசாங்கத்தின் ஆள் வந்து, நிறை கூடிவிட்டது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கூட இருந்து ஐந்து நிமிடம் பேச ஆள் இல்லை. துண்டு அலுமாரிக்குள் போகாமல் வேறு எங்கே போகும்?

அதற்காக அக்கா செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. பிழைதான். நம் தென்னாசிய உடம்பு குறைந்த நிறையிலேயே சலரோகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இடம் கொடுக்கிற உடம்பு. பூனே நகரில் யாஜ்னிக் என்ற மருத்துவர் நம் பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்து, பிறக்கும்போதே நிறை குறைவு, ஆனாலும் உடம்பில் கொழுப்புக் கூட என்று காட்டினார். ஒல்லாந்தில் 1944 கடைசியில் தொடங்கிய பஞ்சத்தின்போது கருவின் முதல் பாதியில் பட்டினி கிடந்த ஆண் பிள்ளைகள், 19 வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது மற்றவர்களைவிட அவர்களில் கூடுதலான பேர் பருத்திருந்தார்கள். 2009இல் நம் தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களைத் தேடித் தேடி அளந்து பார்க்க வேண்டாமா? உங்கள் மருமகன் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனாலும் அந்தப் பசிக்குப் பயந்த கைதான் அவனுக்கும் சோறு போடுகிறது.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை விசுவமடுவுக்குப் போனால் இரவுச் சாப்பாட்டு நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிள்ளை "காணும் அம்மா, போதும்" என்பான். அகப்பை அதற்கு முன்னமே கோப்பைக்கு மேலே வந்துவிடும். "இந்தா, இது கடைசி." அவன் கையால் கோப்பையை மறைப்பான், விரலிடுக்கு வழியே சொதி ஊற்றுப்படும். இப்படி எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! பிள்ளையின் வயிறு தன் அளவைத் தானே சொல்கிறது. நாங்கள்தான் அது பொய் என்று வருடக்கணக்காக அடித்துச் சொல்கிறோம். ஒரு கட்டத்தில் அவன் காணும் என்று சொல்வதையே விட்டுவிடுவான். பிறகு எந்தப் பட்டியலும் உதவாது. அக்காவிடம் நிறையைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவன் காணும் என்றால் அகப்பையைப் பானைக்குள் வைக்கச் சொல்லுங்கள். அது ஒன்றே போதும், ஆறு மாதத்துக்கு. அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு, மற்றவர்களுக்குக் கொத்து ரொட்டி என்று வைத்து அவனை அழ வைக்காதீர்கள். அத்தானும் அதே கோப்பைச் சாப்பாட்டைச் சாப்பிடட்டும், சிரித்தபடியே சாப்பிடட்டும். வீட்டில் யாரும் அவனைக் குண்டன் என்று கூப்பிடவும் கூடாது, பகிடிக்குக்கூட.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் சாப்பாடு இருக்கிறது, சொக்கிலேற் இருக்கிறது, அவன் ஓடி விளையாடுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை என்று பள்ளிக்கூடம் விட்டதும் அவனை டியூசன் வாங்கில் பொழுது படும்வரை இருத்தி வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் அக்காவை விடுங்கள், ஆசிரியையான நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தீர்கள்?