துணியை எடுத்துப் பாருங்க, குண்டு ஏன் சிதறுதுன்னு தெரியும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நான் தோட்டத்து லயத்துல வளந்தவன், இப்ப சுங்கை சிப்புட் டவுன்ல மெத்தை தைக்கிற கடை வெச்சிருக்கேன். மகன் இங்கிலாந்துல வேலை பாக்குறான், அங்க கிளப்புல சேந்து லைசன்ஸும் எடுத்து, பழைய 1853 என்ஃபீல்ட் (வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பிரிட்டிஷ் பட்டாளத்துத் துப்பாக்கி) மாதிரியே இத்தாலியில புதுசா செஞ்ச துப்பாக்கி ஒண்ணு வாங்கியிருக்கான். மினியே குண்டு போட்டா ஒழுங்கா போகுதாம், துணி சுத்தின உருண்டை குண்டு போட்டா 50 கெஜத்துலயே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுதாம். "அப்பா, கடையில கெட்டியான துணி இருந்தா அனுப்புங்க"ன்னு கேக்குறான். துணியில அப்படி என்னதான் இருக்கு, எதை அனுப்பட்டும்?

பதில்: தம்பி, எல்லாமே துணியிலதான் இருக்கு, உங்க மகன் கேட்டது ரொம்ப சரி. நானும் அந்த ஊர்ல இருந்த காலத்துல வருஷக்கணக்கா ஞாயித்துக்கிழமை தவறாம இதே மாதிரி துப்பாக்கியோட ரேஞ்சுக்குப் போனவன், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

மினியே குண்டுக்கு அடியில குழி இருக்கும், மருந்து வெடிச்சதும் அந்தக் குழி விரிஞ்சு ஈயமே பேரல் உள்பக்கம் சுருளா வெட்டியிருக்குற வரிகளைப் பிடிச்சிக்கும். உருண்டை குண்டு விரியாது, அது பேரலைத் தொடவே கூடாது, நடுவுல இருக்குற துணிதான் வரியைப் பிடிச்சு குண்டைச் சுத்த வைக்கணும். அசல் 1853 மாடல்ல பேரல் 39 இஞ்சு, வரி ஒரு சுத்து முடிக்க 78 இஞ்சு, அதாவது குண்டு வெளிய வர்றதுக்குள்ள அரைச் சுத்துதான். மெதுவான சுத்து உருண்டை குண்டுக்கு நல்லதுதான், ஆனா மினியேக்காக வெட்டுன வரி ஆழம் கம்மி, துணி கொஞ்சம் லூசா இருந்தாலும் வழுக்கிடும், அங்கதான் சிதறல் ஆரம்பிக்குது.

இப்ப உங்க கடைக்கு வருவோம். கெக்காபு பஞ்சு அடைக்கிற பழைய மெத்தைக்கு நெருக்கமா நெய்த, நீலக் கோடு போட்ட துணி ஒண்ணு வரும்ல, பஞ்சு வெளிய வராத மாதிரி, அதேதான் வேணும். வெள்ளைக்காரனுங்களும் மெத்தைத் துணியைத்தான் இதுக்குத் தேடிப் பிடிச்சு வாங்குறாங்க. நூறு சதவீதம் பருத்தியா இருக்கணும், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க, சாம்பலா உதிர்ந்தா பருத்தி, உருகி மணி மாதிரி கட்டிக்கிட்டா பாலியெஸ்டர், அதை அனுப்பாதீங்க. முதல் வருஷம் நான் வீட்டுல கிடந்த பழைய பெட்ஷீட்டை வெட்டிப் போட்டு ரெண்டு மாசம் துப்பாக்கியைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன், கடைசியில பாத்தா பாதி பாலியெஸ்டர் கலந்த துணி அது, உருகி பேரல்ல ஒட்டியிருந்துச்சு. அப்புறம், புதுத் துணியில கஞ்சி இருக்கும், ரெண்டு தடவை வெந்நீர்ல அலசிக் காய வெச்சு அனுப்புங்க. தடிமன் அளக்குற கேலிப்பர்ல நல்லா அழுத்திப் பிடிச்சா 0.38லேர்ந்து 0.45 மில்லிமீட்டர் வரைக்கும் காட்டணும், ரெண்டு மூணு தடிமன்ல துண்டு அனுப்பினா அவரே போட்டுப் பாத்துக்குவார்.

மகன்கிட்ட சொல்ல வேண்டியது: முதல்ல பேரல் வாயை அளக்கணும், 58 காலிபர், அதாவது 0.58 இஞ்சு வாய்னு எழுதியிருந்தாலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். 0.577 இஞ்சு பேரல்னா 0.570 குண்டுல ஆரம்பிக்கலாம். மருந்து 50 கிரேன்ல (கிரேன்ங்கிறது சின்ன எடை அளவு) தொடங்கி அஞ்சு அஞ்சா ஏத்தி, ஒவ்வொரு அளவுக்கும் அஞ்சு குண்டு சுட்டுப் பாக்கணும், அந்தக் காலத்து பட்டாளத்து அளவு கிட்டத்தட்ட 68 கிரேன், அதுக்கு மேல போக வேண்டிய அவசியமே இல்ல. கருமருந்து மட்டும்தான், புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கூட தொடக் கூடாது. குண்டு மருந்து மேல முழுசா உக்காந்திருக்கணும், நடுவுல இடைவெளி இருந்தா பேரலே வெடிச்சிரும், அதனால இடிக்கிற கம்பியில சரியான ஆழத்துக்கு ஒரு கோடு போட்டு வெச்சிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் பாக்கச் சொல்லுங்க, இதுல மட்டும் அவசரமே கூடாது.

சுட்ட பிறகு முன்னாடி அஞ்சு பத்து கெஜத்துல துணி புல்லு மேல கிடக்கும். ரேஞ்சுல எல்லாரும் நிறுத்தினதுக்கு அப்புறம் போயி அதைப் பொறுக்கிட்டு வரணும். ஓரம் பிசிறி பூ மாதிரி விரிஞ்சு, நடுவுல குண்டு உக்காந்த இடம் முழுசா இருந்து, சுத்தி கருப்பு வளையத்துல வரியோட தடம் தெரிஞ்சா எல்லாம் சரி. நடுவுல எரிஞ்சு ஓட்டை விழுந்திருந்தா துணி மெலிசு, இல்ல எண்ணெய் பத்தல. கத்தியில கீறின மாதிரி கிழிஞ்சிருந்தா புதுத் துப்பாக்கியோட வரி ஓரம் கூரா இருக்குன்னு அர்த்தம், நிறைய சுட சுட அது மழுங்கிடும். என்னோடதுல மெத்தைத் துணிக்கு மாறின அன்னிக்கே தட்டு அளவு இருந்த சிதறல் டீ கப்பு வாய் அளவுக்கு வந்துச்சு, அந்த டார்கெட் அட்டையை இன்னும் வெச்சிருக்கேன்.

இன்னொரு லாபமும் இருக்கு, ஒரு கிலோ ஈயத்துல மினியே சுமார் 30தான் வரும், 0.570 உருண்டை 55 வரும்.

கேள்வி: அந்தத் துணிக்கு என்ன எண்ணெய் தடவுவாங்க? தேங்காய் எண்ணெய் ஆகுமா? மாட்டுக் கொழுப்பு விஷயமா கலகமே நடந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே. (தாப்பா வாசகி)

பதில்: ஆமாம்மா, அது இந்த என்ஃபீல்டோட தோட்டாதான். பல்லுல கடிச்சுப் பிரிக்கிற காகிதத் தோட்டா, அதுல மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்குன்னு சிப்பாய்ங்க நடுவுல பேச்சு பரவி, உள்ள இருந்த மத்த கோபமும் சேந்து 1857 மே 10ஆம் தேதி மீரட்ல வெடிச்சுது. ஒருத்தரோட சாதி மதம் ரெண்டையும் வாய்க்குள்ள திணிக்கிற மாதிரி இருந்திருக்கு, அந்தக் கோபம் நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன். இப்ப சுடுறவங்க நிறைய பேர் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் உருக்கிக் கலந்து தடவுறாங்க. மோட்டார் எண்ணெய் வேண்டாம், கருமருந்தோட சேந்தா தார் மாதிரி பிடிச்சிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உருகிடும், குளிர்ல கட்டியா நிக்கும், வெயில்ல ஒழுகி மருந்தை நனைச்சிரும், மெழுகு கலந்தா பரவால்ல.

கேள்வி: அதே மாதிரி ஒண்ணு வரவழைச்சு நம்ம வீட்டுச் சுவத்துல அழகுக்கு மாட்டலாமா? (சுங்கை பட்டாணி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. நம்ம மலேசியாவுல 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ரொம்பக் கடுமை, லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கிறது பெரிய குற்றம், பழைய மாடல், வாயால மருந்து போடுறதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. போலித் துப்பாக்கிக்கும் அந்தச் சட்டத்துல தண்டனை இருக்கு. ஆசை இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி உங்க மாவட்டப் போலீஸ் ஆபீஸ்ல போயி நேர்ல கேளுங்க, பார்சல் வந்த பிறகு கேக்காதீங்க.