குறைத்துச் சொல்லி அழுத்தம் தருதல்

கேள்வி: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன் அறைகளைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையில் ‘டு சே த லீஸ்ட்’ என்ற தொடரைக் கண்டேன். ‘குறைந்தபட்சம்’ என்று பொருள்கொண்டால் வாக்கியம் பொருந்தவில்லையே, ஏன்?
– வாசகி, ஹட்டன்

பதில்: ‘குறைந்தபட்சம்’ என்பது ‘அட் லீஸ்ட்’ என்ற வேறொரு தொடரின் பொருள். நீங்கள் கண்டதோ, ‘மிகக் குறைத்துச் சொன்னாலும் இவ்வளவாவது சொல்லத்தான் வேண்டும்’ என்று கூறி, உண்மை நிலை அதற்கும் மேலானது என்பதை வாசகரே ஊகிக்கும்படி விட்டுவிடும் தொடராகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்குவதை விவரித்துவிட்டு, ‘இட் இஸ் இன்கன்வீனியன்ட், டு சே த லீஸ்ட்’ என்று ஒருவர் எழுதினால், ‘வசதிக்குறைவு’ என்ற அந்த மென்மையான சொல்லே அவலத்தைக் கூர்மையாக்குகிறது. ஆகவே, முன்வரும் சொல் அடக்கமாக இருந்தால்தான் இத்தொடர் எடுபடும்; ‘படுபயங்கரம்’ என்று உச்சத்துக்கே போய்விட்ட பின்னர் இதைச் சேர்ப்பது, என் கருத்தில், வீண். (நுவரெலியா மழையில் தொப்பலாக நனைந்து வந்தவர் ‘கொஞ்சம் தூறல்தான்’ என்பதும் ஏறக்குறைய இதே உத்திதான்.) பெரும்பாலும் இது வாக்கிய இறுதியில், காற்புள்ளியை அடுத்து வரும், இடையில் வந்தால் இருபுறமும் காற்புள்ளி இடவேண்டும். பரீட்சைக் கட்டுரையொன்றில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.